கனவுக் கோட்பாடுகளைக் கற்பிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இளநிலை உளவியல் வகுப்பில் கனவு பற்றிய பகுதியை முதன்முறையாக எடுக்கப்போகும் ஆசிரியர்களுக்காக இதை எழுதுகிறேன். மாணவர்களும் படிக்கலாம். கீழே உள்ள கேள்விகளில் பாதி அவர்கள் வகுப்பில் கேட்பவைதான்.

ஃப்ராய்டில் இருந்துதான் தொடங்க வேண்டுமா?

பாடநூல்கள் அப்படித்தான் தொடங்குகின்றன. முதலில் ஃப்ராய்டு, அப்புறம் யுங், அப்புறம் 1977இல் ஹாப்சனும் மெக்கார்லியும், கடைசியில் நினைவாற்றல் பற்றி ஒரு பத்தி. இப்படிப் படிக்கும் மாணவர், ஒருவரை அடுத்தவர் தோற்கடித்துக்கொண்டே வந்தார், கடைசியாக வந்தவர் சொல்வதுதான் சரி என்று நினைத்துக்கொள்கிறார். ஆனால் இவர்களில் பலர் ஒரே கேள்விக்குப் பதில் சொல்லவே இல்லை.

அதனால் முதல் வகுப்பிலேயே பலகையில் மூன்று கேள்விகளை எழுதிவிடுவது நல்லது. மூளை கனவை எப்படி உண்டாக்குகிறது? ஒருவருடைய கனவில் ஏன் இந்த ஆள், இந்த இடம், இந்தப் பயம் வருகிறது? கனவு காண்பதால் உயிரினத்துக்கு ஏதாவது பயன் உண்டா? ஹாப்சன் பெரும்பாலும் முதல் கேள்விக்காரர். கால்வின் ஹால் இரண்டாவது கேள்விக்காரர். ஃபின்லாந்தின் ரெவொன்சுவோ மூன்றாவது கேள்விக்காரர். ஃப்ராய்டு மூன்றுக்கும் சேர்த்து ஒரே பதில் சொல்லத் துணிந்தார். அவர் இன்றும் கவர்வது அதனால்தான், அடி வாங்குவதும் அதனால்தான். ஒவ்வொரு கோட்பாடு வரும்போதும் ‘இது எந்தக் கேள்விக்கான பதில்?’ என்று மாணவர்களையே கேளுங்கள். பாடத்தின் பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

வரிசை என்று கேட்டால், நான் 1953ஆம் ஆண்டு சிகாகோ ஆய்வகத்தில் தொடங்குவேன். அளந்து பார்த்த விஷயம் முதலில் கையில் இருந்தால், பிறகு எந்தக் கோட்பாட்டையும் அதோடு உரசிப் பார்க்கலாம்.

1953இல் என்ன நடந்தது?

யூஜின் அசரின்ஸ்கி அப்போது சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவர். தூங்கும்போது கண்கள் எப்படி அசைகின்றன என்று பதிவு செய்ய ஒரு பழைய கருவியை எடுத்துக்கொண்டு, தன் எட்டு வயது மகன் ஆர்மண்டின் தலையில் மின்முனைகளை ஒட்டினார். பையன் அசையாமல் தூங்கிக்கொண்டிருக்க, கருவியின் பேனா மட்டும் விழித்திருக்கும் ஆளின் கண்போலத் துள்ளியது. கருவிதான் கெட்டுவிட்டது என்று முதலில் சந்தேகப்பட்டார். பிறகு பெரியவர்களிடம் சோதித்து, வழிகாட்டியான நாதனியல் கிளைட்மனோடு சேர்ந்து ‘சயன்ஸ்’ இதழில் கட்டுரை வெளியிட்டார். கண்கள் வேகமாக அசைந்த நேரத்தில் 27 முறை எழுப்பிக் கேட்டதில் 20 முறை விரிவான கனவு கிடைத்தது. கண்கள் ஓய்ந்திருந்தபோது 23 முறை கேட்டதில் 19 முறை ஒன்றும் நினைவில்லை என்றார்கள். கண்கள் வேகமாக அசையும் இந்தத் தூக்கத்துக்குத்தான் ரெம் (REM) தூக்கம் என்று பெயர்.

இந்த எண்களை அப்படியே மாணவர்களிடம் கொடுங்கள். ‘அப்படியானால் ரெம் தூக்கம்தான் கனவு’ என்று வகுப்பில் யாராவது ஒருவர் சொல்வார். அந்த 27இல் மீதி 7 எங்கே, 23இல் மீதி 4 எங்கே என்று கேட்டால் போதும்.

அப்படியானால் ரெம் தூக்கமும் கனவும் ஒன்றில்லையா?

ஒன்றில்லை. இந்தப் பாடத்தில் மிக அதிகமாகத் தவறாகச் சொல்லித்தரப்படுவது இதுதான். ரெம் சுமார் 90 நிமிடத்துக்கு ஒரு முறை வரும். பெரியவர்களின் தூக்கத்தில் ஐந்தில் ஒன்று முதல் நான்கில் ஒன்று வரை அதுதான், பிறந்த குழந்தைக்கோ பாதி. அந்த நேரத்தில் எழுப்பினால் பெரும்பாலோர் கனவு சொல்வார்கள் என்பதும் உண்மை.

ஆனால் 1962இல் டேவிட் ஃபோக்ஸ் ஒரு சின்ன மாற்றம் செய்தார். ‘கனவு கண்டீர்களா?’ என்று கேட்பதற்குப் பதில் ‘மனதில் என்ன ஓடிக்கொண்டிருந்தது?’ என்று கேட்டார். ரெம் இல்லாத தூக்கத்திலும் பாதிக்கு மேற்பட்ட முறை ஏதோ ஒன்று கிடைத்தது. சில வெறும் சிந்தனைத் துணுக்குகள், சில முழுக் கனவுகள். கேள்வியின் சொற்களை மாற்றினாலே தரவு மாறுகிறது என்பதற்கு ஆய்வு முறையியல் வகுப்பில்கூட இவ்வளவு நல்ல உதாரணம் கிடைக்காது.

எதிர்ப்பக்கச் சான்று மார்க் சோல்ம்ஸிடமிருந்து வந்தது. மூளையில் காயம் பட்ட நோயாளிகளிடம் கனவு பற்றிக் கேட்டுத் தொகுத்து 1997இல் புத்தகமாக வெளியிட்டார். மூளையின் முன்பகுதியில், நெற்றிக்குப் பின்னால் ஆழத்தில் உள்ள இழைகள் சிதைந்தவர்களுக்கும், பின்பகுதியில் உச்சி, பொட்டு, பிடரி மடல்கள் சந்திக்கும் இடம் சிதைந்தவர்களுக்கும் கனவு நின்றுபோயிருந்தது. ரெம் தூக்கம் மட்டும் வழக்கம்போல வந்துகொண்டிருந்தது. ஆக, ரெம் இல்லாமல் கனவு உண்டு, கனவு இல்லாமல் ரெம் உண்டு. 2017இல் விஸ்கான்சின் குழு ஒன்று, தூக்கம் எந்த வகையாக இருந்தாலும் கனவு சொல்லப்படும் நேரங்களில் மூளையின் பின்பகுதிப் புறணியில் (மூளையின் மேலடுக்கில்) மெதுவான மின்னலைகள் குறைகின்றன என்று காட்டியது இதோடு பொருந்துகிறது.

ஃப்ராய்டை எப்படி எடுப்பது? ‘காலாவதி’ என்று சொல்லிக் கடந்துவிடலாமா?

கடந்துவிடாதீர்கள். அதே சமயம் பக்திப் பாடலும் பாட வேண்டாம். அவர் உண்மையில் என்ன வாதம் வைத்தார் என்று மாணவர்களுக்குத் தெரிய வேண்டும். அது தெரியாமல் மறுப்பதில் எந்தப் பயனும் இல்லை.

‘கனவுகளின் விளக்கம்’ 1899 நவம்பரில் வெளியானது, அட்டையில் மட்டும் 1900 என்று இருக்கும். அச்சிட்ட 600 படிகள் விற்க எட்டு ஆண்டு ஆனது. கனவு ஒரு விருப்பத்தை நிறைவேற்றுகிறது என்ற வாதம் எளிமையாகத்தான் தொடங்குகிறது. இரவில் உப்பு மீன் சாப்பிட்டுப் படுத்தால் தண்ணீர் குடிப்பதாகக் கனவு வரும், அதனால் எழுந்து போக வேண்டியதில்லை என்கிறார். கனவு தூக்கத்தின் காவலாளி என்பது இதிலிருந்து வருகிறது. அவருடைய மகள் அன்னாவுக்கு 19 மாதம் இருக்கும்போது ஒரு நாள் வாந்தி எடுத்ததால் சாப்பாடு கொடுக்காமல் வைத்திருந்தார்கள். அன்றிரவு குழந்தை தூக்கத்தில் தன் பெயரைச் சொல்லி, ஸ்ட்ராபெரி, ஆம்லெட், புட்டிங் என்று பட்டியல் போட்டதாம். இதுவரை யாருக்கும் மறுப்பு இருக்காது.

சிக்கல் அடுத்த படியில். பெரியவர்களின் கனவுகள் பலவற்றில் விருப்பம் எதுவும் தெரிவதில்லையே? அது மாறுவேடம் போட்டிருக்கிறது என்கிறார் ஃப்ராய்டு. நாம் நினைவில் வைத்துச் சொல்வது வெளிப்படைப் பொருள், அடியில் இருப்பது மறைபொருள். பல நினைவுகள் ஒரே உருவில் சேர்வது குறுக்கம், முக்கியமான ஒன்றின் அழுத்தம் அற்பமான ஒன்றின் மேல் போய் உட்கார்வது இடப்பெயர்ச்சி. 1895 ஜூலை 24 காலையில், முந்தைய இரவு தான் கண்ட ‘இர்மாவின் ஊசி’ கனவை வரி வரியாகப் பிரித்து, தன் நோயாளியான இர்மா இன்னும் குணமாகாததற்குப் பழி தன்மேல் விழக்கூடாது என்ற விருப்பம்தான் அது என்ற முடிவுக்கு வந்தார். அந்தப் பகுதியை மாணவர்கள் நேரடியாகப் படிக்கட்டும். படிப்பதற்குச் சுவையானது, உருவகங்களை வைத்துப் பொருள் சொல்லும் சந்தைக் கனவுப் பலன் நூல்களுக்கும் இதற்கும் உள்ள தூரம் அதில் தெரியும். கனவு கண்டவர் ஒவ்வொரு துணுக்குக்கும் என்ன நினைவு வருகிறது என்று சொல்ல வேண்டும், அகராதி பார்த்துச் சொல்ல முடியாது என்பதே ஃப்ராய்டின் அடிப்படை முறை. குறியீடுகளுக்குப் பின்னாளில் அவரே கூடுதல் இடம் கொடுத்தார் என்பது வேறு விஷயம்.

அதற்கு அடுத்து மாமியார் கனவுக்கு வாருங்கள். ஃப்ராய்டின் நோயாளிகளில் கெட்டிக்காரியான ஒரு பெண்ணிடம், கனவு என்பது விருப்ப நிறைவேற்றம் என்று அவர் ஒரு நாள் விளக்குகிறார். மறுநாள் அந்தப் பெண் ஒரு கனவோடு வருகிறாள்: விடுமுறையை மாமியாரோடு கழிக்க ஊருக்குப் போய்க்கொண்டிருக்கிறாளாம். அந்தக் கோடையை மாமியார் பக்கத்தில் கழிக்கவே கூடாது என்று பாடுபட்டு, தொலைவில் வேறு இடம் பிடித்திருந்தவள் அவள். விருப்பத்துக்கு நேர் எதிர். ஃப்ராய்டு என்ன சொன்னார்? நான் சொன்னது தவறாக வேண்டும் என்பதுதான் உன் விருப்பம், கனவு அதை நிறைவேற்றிவிட்டது என்றார்.

இதைச் சொன்னதும் வகுப்பு சிரிக்கும். சிரித்து முடித்ததும் கேளுங்கள்: எந்தக் கனவு வந்தால் இந்தக் கோட்பாடு தவறு என்று ஃப்ராய்டு ஒப்புக்கொண்டிருப்பார்? அறிவியல் தத்துவ அறிஞர் கார்ல் பாப்பரின் பெயரையே சொல்லாமல் பொய்ப்பிக்கும் தன்மை என்ற கருத்தை இங்கே புரியவைத்துவிடலாம்.

தமிழ் மாணவர்களுக்கு விருப்ப நிறைவேற்றத்தை விளக்க நம் இலக்கியத்தைத் தொடலாமா?

தொடலாம், அளவோடு. திருக்குறளில் 122ஆவது அதிகாரமே ‘கனவுநிலை உரைத்தல்’தான். நேரில் அருளாதவரைக் கனவில் காண்பதால்தான் உயிர் தங்கியிருக்கிறது என்கிறாள் தலைவி. உதாரணமாக இது நன்றாக வேலை செய்யும். ஆனால் ‘ஃப்ராய்டு சொன்னதை வள்ளுவர் அப்போதே சொல்லிவிட்டார்’ என்று யாராவது எழுதினால் மதிப்பெண் கொடுக்காதீர்கள். தலைவிக்குத் தன் விருப்பம் நன்றாகவே தெரியும். மறைத்தலும் மாறுவேடமும்தான் ஃப்ராய்டின் புது வாதம், அது குறளில் இல்லை.

இந்தியத் தொடர்பு வேண்டுமென்றால் கிரீந்திரசேகர் போஸைச் சொல்லலாம். 1922இல் கல்கத்தாவில் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தைத் தொடங்கி, ஃப்ராய்டோடு கடிதத்தில் விவாதித்தவர், சில இடங்களில் அவரோடு உடன்படாதவரும்கூட.

யுங்குக்கு எவ்வளவு நேரம்?

அரை வகுப்பு போதும். கனவு மறைக்கிறது என்ற ஃப்ராய்டின் கருத்தை யுங் ஏற்கவில்லை. விழிப்பில் ஒரு பக்கமாகச் சாய்ந்துபோன மனத்தைக் கனவு ஈடுகட்டுகிறது என்றார். ஒருவரின் கனவுகளைத் தனித்தனியாகப் பார்க்காமல் வரிசையாகப் பார்க்க வேண்டும் என்றதும் அவர்தான். அந்த யோசனை பிற்கால ஆய்வுகளில் வேறு வடிவில் பிழைத்திருக்கிறது. எல்லா மனிதர் மனத்திலும் பொதுவாக இருப்பதாக அவர் சொன்ன உருவங்களான தொல்படிமங்கள் பற்றி மாணவர்களுக்கு ஆர்வம் அதிகம், சோதிக்கக்கூடிய கூற்று குறைவு. அந்த ஆர்வத்தை இலக்கிய வகுப்புக்கு அனுப்பிவிடுங்கள்.

‘கனவுக்கு அர்த்தமே இல்லை’ என்று ஹாப்சன் நிரூபித்துவிட்டாரா?

இல்லை, அவர் அப்படிச் சொல்லவும் இல்லை. ஆலன் ஹாப்சனும் ராபர்ட் மெக்கார்லியும் ஹார்வர்டில் பூனைகளின் மூளைத் தண்டைப் பதிவு செய்துகொண்டிருந்தவர்கள். ரெம் நேரத்தில் அந்தத் தண்டிலுள்ள பான்ஸ் என்ற பகுதியிலிருந்து கிளம்பும் தூண்டல்கள் மேலே புறணிக்குப் போகின்றன. செரட்டோனின், நார்அட்ரினலின் என்ற மூளை வேதிப்பொருள்களைச் சுரக்கும் செல்கள் ஓய்ந்துவிட, இன்னொரு வேதிப்பொருளான அசிட்டைல்கோலினின் கை ஓங்குகிறது. ஒழுங்கில்லாமல் வரும் இந்தத் தூண்டல்களைப் புறணி தன்னால் முடிந்த அளவு கோத்து ஒரு கதையாக்குகிறது, அதுதான் கனவு என்றார்கள். தூண்டல்–தொகுப்புக் கோட்பாடு என்பது இதுதான். வானொலியின் இரைச்சலில் யாரோ பேசுவதுபோலக் கேட்பதை நினைத்துக்கொள்ளலாம்.

கோத்த கதை கோத்தவருடையது அல்லவா? அதனால் அதில் அவருடைய கவலைகளும் ஆசைகளும் இருக்கவே செய்யும் என்று ஹாப்சனே பின்னாளில் எழுதினார். அவர் மறுத்தது மாறுவேடத்தை மட்டும்தான். கனவில் உள்ள பொருள் மேலேயே தெரிகிறது, தோண்டி எடுக்க வேண்டியதில்லை என்பது அவர் நிலை.

இதற்கு எதிராகச் சோல்ம்ஸ் வைத்தது வலுவான வாதம். மூளைத் தண்டு எழுப்பும் ரெம் அப்படியே இருக்க, முன்மூளைக் காயத்தால் கனவு நின்றுபோகிறது என்றால், கனவின் இயந்திரம் மேலே இருக்கிறது. அந்த முன்பகுதி இழைகள் டோபமைன் பாதையோடு தொடர்புடையவை, நாட்டத்தையும் தேடலையும் இயக்குபவை. ஆகவே விருப்பத்துக்கு ஓர் இடம் இருக்கிறது என்று ஃப்ராய்டை ஓரளவு மீட்க முயன்றார் அவர். காயத்தால் கனவு நிற்கிறது என்பது உறுதியான கண்டுபிடிப்பு. அதிலிருந்து ஃப்ராய்டுக்குத் தாவுவது என் பார்வையில் நீளமான தாவல். மாணவர்களுக்கு இரண்டையும் பிரித்துக் காட்டுங்கள்.

கனவினால் என்ன பயன்? இதற்கு முடிவான பதில் உண்டா?

முடிவான பதில் இல்லை, நல்ல சண்டை உண்டு.

டிஎன்ஏ புகழ் பிரான்சிஸ் கிரிக்கும் கிரீம் மிட்சிசனும் 1983இல் ‘நேச்சர்’ இதழில், மூளையில் சேரும் தேவையற்ற இணைப்புகளை ரெம் தூக்கம் கழித்துக்கட்டுகிறது, நாம் கனவு காண்பது மறப்பதற்காக என்று எழுதினார்கள். அப்படியானால் கனவை எழுதிவைப்பதே தப்பு! ரெம் இல்லாததாக அன்று நம்பப்பட்ட எக்கிட்னா என்ற விலங்குக்குப் புறணி பெரிதாக இருப்பதை ஒரு சான்றாகக் காட்டினார்கள். பிறகு வந்த ஆய்வுகளில் எக்கிட்னாவிலும் ரெம் அடையாளங்கள் தென்பட்டன.

2000இல் ஆன்ட்டி ரெவொன்சுவோ, ஆபத்துகளைப் பாதுகாப்பாகப் பயிற்சி செய்து பார்க்கும் ஏற்பாடாகக் கனவு பரிணமித்தது என்றார். துரத்தப்படுவது உலகெங்கும் மிகப் பரவலான கனவு என்பது இதற்குச் சாதகம். போரும் வன்முறையும் கண்ட குர்து குழந்தைகளின் கனவுகளில் ஃபின்லாந்துக் குழந்தைகளைவிட ஆபத்து அதிகம் என்று அவர் குழு காட்டியது. பாதகமும் உண்டு. கனவில் வரும் ஆபத்துகளில் உயிருக்கு உலை வைக்கக்கூடிய நிஜமான ஆபத்துகள் குறைவு, தப்பிப்பதில் வெற்றி பெறும் கனவுகள் இன்னும் குறைவு. ஓட நினைத்தால் கால் எழும்பாத பயிற்சியால் யாருக்கு என்ன லாபம் என்று ஒரு மாணவராவது கேட்பார், கேட்கட்டும்.

நினைவாற்றல் பக்கம் ராபர்ட் ஸ்டிக்கோல்ட் குழுவின் டெட்ரிஸ் ஆய்வு (2000) வகுப்பில் எப்போதும் எடுபடும். பல மணி நேரம் டெட்ரிஸ் ஆடியவர்களுக்குத் தூக்கம் பிடிக்கும் வேளையில் கட்டைகள் விழும் காட்சி வந்தது. புது நினைவே தங்காத மறதி நோயாளிகள் ஐந்து பேரில் மூவருக்கும் வந்தது, தாங்கள் அந்த விளையாட்டை ஆடியதே அவர்களுக்கு நினைவில்லை. 2010இல் எரின் வாம்ஸ்லி நடத்திய ஆய்வில், கணினியில் ஒரு புதிர்வழியைக் கற்ற பிறகு குட்டித் தூக்கம் போட்டவர்களில், அந்தப் புதிர்வழி கனவில் வந்தவர்கள் மற்றவர்களைவிட மிக அதிகமாக முன்னேறினார்கள். செய்தித்தாள்கள் இதைக் கொண்டாடின. அப்படிக் கனவு கண்டவர்கள் வெறும் நான்கு பேர், அவர்கள் தொடக்கத்தில் மோசமாக ஆடியவர்கள் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். கனவு முன்னேற்றத்துக்குக் காரணமா, அல்லது மூளை உள்ளே செய்யும் வேலையின் நிழலா என்பது இந்த ஆய்விலிருந்து தெரியாது.

வில்லியம் டோம்ஹாஃப் போன்றவர்கள், கனவுக்குப் பயனே இருக்க வேண்டியதில்லை, அலைபாயும் மனத்தின் தூக்க வடிவம் அது என்கிறார்கள். பயனில்லாமல் இருக்க முடியுமா என்று மாணவர்கள் தவிப்பார்கள். முடியும். தூக்கத்துக்குப் பயன் உண்டு என்பதற்குக் கிடைக்கும் சான்றெல்லாம் கனவுக்கான சான்று ஆகிவிடாது.

வகுப்பில் செய்துபார்க்கக்கூடிய பயிற்சி ஏதாவது?

ஹால், வான் டி காசில் இருவரின் உள்ளடக்கப் பகுப்பாய்வுதான் என் முதல் தேர்வு. கல்லூரி மாணவர்களிடமிருந்து திரட்டிய 500 ஆண் கனவுகளையும் 500 பெண் கனவுகளையும் எண்ணி, 1966இல் அளவுகோல்களாக வெளியிட்டார்கள். கனவில் எத்தனை ஆட்கள், அவர்களில் ஆண் எத்தனை பெண் எத்தனை, சண்டை எத்தனை, நட்புச் செயல் எத்தனை, என்ன உணர்ச்சி என்று வெறுமனே எண்ணுவதுதான் முறை. ஆண்களின் கனவில் வரும் மனிதர்களில் 67 விழுக்காடு ஆண்கள், பெண்களின் கனவில் 48 விழுக்காடு என்பது அவர்கள் கண்ட ஒன்று. மகிழ்ச்சியைவிடப் பயம், கவலை, கோபம் போன்றவைதான் இருபாலரிடமும் அதிகம்.

பயிற்சி இப்படி: பெயர் இல்லாத பத்துப் பதினைந்து கனவுக் குறிப்புகளை அச்சடித்து, இரண்டு பேர் தனித்தனியாக எண்ணட்டும். பிறகு ஒப்பிடட்டும். ‘மாமா முறைத்தார்’ என்பது சண்டையா இல்லையா என்று அங்கே வாக்குவாதம் வரும். மதிப்பீட்டாளர் இடையே ஒத்திசைவு என்பதை அன்றைக்குப் பிறகு மறக்கமாட்டார்கள். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சாந்தா குரூஸ் வளாகத்தில் டோம்ஹாஃப் உருவாக்கிய ‘ட்ரீம்பேங்க்’ தொகுப்பில் 20,000க்கும் மேற்பட்ட கனவுகள் இணையத்தில் திறந்தே கிடக்கின்றன. ஆங்கிலத்தில் இருப்பவற்றை மொழிபெயர்த்துப் பயன்படுத்தலாம்.

பகலின் அக்கறைகளே இரவிலும் தொடர்கின்றன என்ற தொடர்ச்சிக் கருதுகோளையும் இதே தரவில் சோதிக்கலாம். ஓர் எதிர்க்கேள்வியோடு: பகலெல்லாம் படிக்கிறீர்கள், எழுதுகிறீர்கள், கைபேசியைத் தடவுகிறீர்கள். கனவில் நிம்மதியாக உட்கார்ந்து ஒரு பக்கம் படித்திருக்கிறீர்களா? எர்னஸ்ட் ஹார்ட்மன் கேட்டுப் பார்த்ததில் படிப்பதும் எழுதுவதும் கணக்குப் போடுவதும் கனவில் அபூர்வமாகவே வருகின்றன என்று தெரிந்தது. தொடர்வது செயலா, கவலையா?

மாணவர்களைக் கனவு நாட்குறிப்பு எழுதச் சொல்லலாமா?

சொல்லலாம், கட்டாயப்படுத்தக் கூடாது. மதிப்பெண்ணும் அதோடு இணையக் கூடாது. கனவு சொல்வது சிலருக்கு வீட்டு விஷயத்தைச் சபையில் வைப்பது போலத்தான். கனவு நினைவிருக்காத மாணவருக்கும், பங்குபெற விரும்பாதவருக்கும் இணையத் தொகுப்பிலிருந்து ஒரு கனவுத் தொடரைக் கொடுத்துவிடுங்கள். எழுதுகிறவர்கள் விழித்ததும் அசையாமல் ஒரு நிமிடம் படுத்து நினைவைப் பிடித்த பிறகு எழுதட்டும், கைபேசியை எடுத்தால் கனவு போய்விடும். வகுப்பில் யாருடைய கனவையும் யாரும் விளக்கக் கூடாது என்பதை முதல் நாளே விதியாக வையுங்கள். ஆசிரியருக்கும் அந்த விதி உண்டு.

ஒரே கெட்ட கனவு திரும்பத் திரும்ப வருகிறது என்று தனியாக வந்து சொல்லும் மாணவர் இருப்பார். பாடம் நடத்தாமல் கேளுங்கள், கல்லூரி ஆலோசகரிடமோ மனநல மருத்துவரிடமோ அனுப்புங்கள். கொடுங்கனவுக்கு நல்ல சிகிச்சை இருக்கிறது. விழித்திருக்கும்போதே கனவின் போக்கை மாற்றி எழுதி, புதிய வடிவத்தை மனதில் ஓட்டிப் பழகும் முறை பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களிடம் பலன் தந்ததை பேரி கிராக்கோவ் குழு 2001இல் வெளியிட்டது.

‘விடியற்காலையில் கண்ட கனவு பலிக்கும்’ என்கிறார்களே?

இதைக் கேலி செய்து ஒதுக்கினால் ஒரு நல்ல பாடம் வீணாகும். இரவின் பிற்பகுதியில் ரெம் நீளமாகிறது, கனவும் நீளமாகவும் தெளிவாகவும் வருகிறது, உடனே விழித்துவிடுவதால் நினைவிலும் தங்குகிறது. ஆக விடியற்காலைக் கனவுக்கு ஒரு தனிச்சிறப்பு இருப்பது உண்மை. பலிப்பது என்பது வேறு. நூறு கனவில் பொருந்திய ஒன்றைத்தான் ஊருக்குச் சொல்கிறோம், மீதியை மறந்துவிடுகிறோம். பலித்ததா என்று சோதிக்க ஒரே வழி, நடப்பதற்கு முன்பே தேதியோடு எழுதிவைப்பது.

அமுக்குவான் பேய்?

விழிப்பு வந்துவிட்டது, கை கால் அசையவில்லை, நெஞ்சின் மேல் யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள். ரெம் தூக்கத்தில் தசைகள் செயலிழந்திருப்பது இயல்பு. மனம் விழித்தும் அந்த நிலை சில நொடிகளோ நிமிடங்களோ விலகாமல் நிற்பதுதான் இது, கனவுக் காட்சியும் கூடவே கலந்துவிடுகிறது. வகுப்பில் கை தூக்கச் சொன்னால் சிலராவது தூக்குவார்கள், தனக்கு மட்டும்தான் வந்தது என்று பயந்திருந்தவர்களுக்கு அது பெரிய ஆறுதல். இதன் மறுபக்கமும் உண்டு: அந்தச் செயலிழப்பு ஏற்படாமல் போனால் ஆள் கனவை நடித்துக் காட்டுவார். லியோனில் மிஷல் ஜூவே பூனைகளின் மூளைத் தண்டில் ஒரு சிறு பகுதியை நீக்கியபோது, அவை தூங்கிக்கொண்டே இல்லாத இரையைத் தாக்கின. மனிதர்களில் இதை ஒரு கோளாறாக ஷெங்க், மஹோவால்ட் குழு 1986இல் விவரித்தது.

கனவு கறுப்பு வெள்ளையிலா, வண்ணத்திலா?

1940களில் அமெரிக்க மாணவர்களைக் கேட்டபோது பத்தில் ஏழு பேர் கனவில் நிறம் அபூர்வம் அல்லது இல்லவே இல்லை என்றார்கள். எரிக் ஷ்விட்ஸ்கேபல் அறுபது ஆண்டு கழித்து அதே கேள்வியைக் கேட்டபோது அப்படிச் சொன்னவர்கள் ஐந்தில் ஒருவருக்கும் குறைவு. இடையில் மாறியது சினிமாவும் தொலைக்காட்சியும். கறுப்பு வெள்ளைப் படம் பார்த்ததால் கனவே அப்படி வந்ததா, அல்லது கனவைப் படம் போல நினைத்ததால் அப்படிச் சொன்னார்களா? நம்மிடம் எப்போதும் இருப்பது கனவு பற்றிய அறிக்கை மட்டுமே, கனவு இல்லை. அரை மணி நேரம் விவாதிக்க விடலாம்.

குழந்தைகளும் பார்வையற்றவர்களும் எப்படிக் கனவு காண்கிறார்கள்?

ஃபோக்ஸ் பல ஆண்டுகள் அதே குழந்தைகளை ஆய்வகத்தில் தூங்கவைத்து எழுப்பிக் கேட்டார். ஏழு வயதுக்குக் கீழே, ரெம் தூக்கத்தில் எழுப்பினாலும் ஐந்தில் ஒரு முறைதான் கனவு கிடைத்தது. அதுவும் அசைவில்லாத ஒரு படம், ஒரு விலங்கு. குழந்தை தானே பங்குபெறும் கதை பிறகுதான் வருகிறது. கனவு காண ஓர் அறிவுத்திறன் வளர வேண்டும் என்பது அவர் முடிவு. பிறவியிலேயே பார்வை இல்லாதவர்களின் கனவில் பொதுவாகக் காட்சி இருக்காது, ஒலியும் தொடுகையும் மணமும் இருக்கும். ஏழு வயதுக்குப் பிறகு பார்வை போனவர்களுக்குக் காட்சி தொடர்வதுண்டு.

தெளிகனவு உண்மையா, யூடியூப் கதையா?

உண்மை. கனவு காணும்போதே ‘இது கனவு’ என்று தெரிந்திருப்பதுதான் தெளிகனவு. 1975இல் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் கீத் ஹெர்ன், ரெம் தூக்கத்தில் இருந்த ஒருவர் முன்பே பேசிவைத்தபடி கண்களை இடமும் வலமும் அசைத்துச் செய்தி அனுப்பியதைப் பதிவு செய்தார். ஸ்டான்ஃபோர்டில் ஸ்டீபன் லபெர்ஜ் தனியாக இதையே காட்டினார். 2021இல் நான்கு நாடுகளின் ஆய்வகங்கள் சேர்ந்து, தூங்குபவரிடம் ‘8இல் 6 போனால்?’ என்று கேட்டு, கண்ணசைவால் 2 என்று பதில் பெற்றன. சரியான பதில் வந்தது ஐந்தில் ஒரு முறைக்கும் சற்றுக் குறைவாகத்தான். இதைப் பழகுவதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளும் மாணவர்களுக்கு அந்த விகிதத்தைச் சொல்லுங்கள்.

ராமானுஜன், கெக்குலே கதைகளைச் சொல்லலாமா?

சொல்லலாம், சான்றின் தரத்தோடு. பென்சீன் வளையத்தைத் தன் வாலைக் கவ்விய பாம்பாகக் கண்டதை வேதியியலாளர் ஆகஸ்ட் கெக்குலே பொதுவில் சொன்னது 1890இல், கட்டுரை வெளியாகிக் கால் நூற்றாண்டு கழித்து, ஒரு விழா மேடையில். நரம்புகள் வேதிப்பொருள் வழியே செய்தி அனுப்புவதைக் காட்டிய ஓட்டோ லோவியின் தவளை இதயச் சோதனை கனவிலிருந்து வந்தது என்பதும் அவர் பின்னாளில் சொன்னதே. நாமக்கல் நாமகிரித் தாயார் கனவில் வந்து சூத்திரங்கள் தருவதாக ராமானுஜன் சொன்னதை அவரை அறிந்தவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். மூவரும் பல காலம் அதே சிக்கலில் மூழ்கிக் கிடந்தவர்கள் என்பது பொதுவாக இருக்கிறது. வேதியியல் தெரியாத யாருக்கும் பாம்பு வந்து பென்சீனைக் காட்டவில்லை.

தேர்வுக்கு என்ன கேள்வி கேட்பது?

‘ஃப்ராய்டின் கனவுக் கோட்பாட்டை விவரி’ என்று கேட்டால் மனப்பாடம்தான் வரும். ஒரு கனவைக் கொடுத்து, ஃப்ராய்டு, ஹாப்சன், ரெவொன்சுவோ மூவரும் என்ன சொல்வார்கள் என்று கேட்பது கொஞ்சம் மேல். ஆனால் எல்லாக் கோட்பாடும் எல்லாக் கனவுக்கும் பொருந்துவதுபோல எழுதிவிடுவார்கள். நான் கேட்க விரும்புவது இப்படி: ‘ஒரு நோயாளிக்கு மூளைத் தண்டு நலமாக இருக்கிறது, ரெம் தூக்கமும் வருகிறது, ஆறு மாதமாகக் கனவு இல்லை. ஆனால் பகலில் நினைவாற்றலும் கற்றலும் குறையவில்லை. நீங்கள் படித்த கோட்பாடுகளில் எவற்றுக்கு இது சங்கடம், எவற்றுக்கு இல்லை? ஏன்?’ பத்து மதிப்பெண். மறைபொருள், இடப்பெயர்ச்சி என்று நான்கு பக்கம் எழுதியவருக்கு இரண்டு கொடுக்கலாம்.